மூடிக்குள் ஏறி இறங்கிய எண்

மூடியைக் கவிழ்த்தால் எண் ஏறத்தான் வேண்டும். மண்ணில் அமுக்கிய இரும்பு வளையத்தின் மேல் மூடி உட்கார்ந்ததும், மண் விடுகிற கரியமிலவாயு உள்ளே சேரச் சேரக் கருவியில் எண் கூடிக்கொண்டே போகும். ஜோதிலட்சுமி இரண்டு வருஷமாக அளந்த காடுகளிலெல்லாம் அப்படித்தான். இங்கே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

கருவி கெட்டுத் தொலைந்துவிட்டது என்று நினைத்து, மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். குற்றாலத்துக்கு மேலே இருந்த அந்தச் சரிவில் பகல் மூன்று மணிக்கே சாரல் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே அருவியின் இரைச்சல், தலைக்கு மேல் வட்டக்கண்ணி மரத்து இலைகளில் விடாத சொட்டு, எரிந்து ஒன்பது வருஷம் ஆகியும் மண்ணைக் கிளறினால் எழும்புகிற சாம்பல் வாசம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் காதைத் தரையருகே கொண்டுபோனால் மட்டும் கேட்கிற, யாரோ மூக்கால் இழுத்து விடுவது போன்ற ஒரு சத்தம். எண் நிமிஷத்துக்குப் பதினாறு தடவை ஏறி இறங்கியது. அவள் எண்ணியிருக்கவே கூடாது.

எரித்த காடு திரும்ப வளர்ந்து எவ்வளவு கரியை உள்ளே இழுக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. இந்தச் சரிவு வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டார்கள். கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இதை வெட்டி எரித்தவர் அவள் அப்பா, காண்டிராக்டர் வல்லிநாயகம். மேலே ஏறுகிற ஆட்கள் தங்கள் தூக்குச்சட்டியை அடிவாரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். இறங்கும்போது அவரவர் எடுத்துக்கொள்வார்கள். சட்டி ஒன்று கிடந்தாலும் தீ வைக்கக் கூடாது. அன்றைக்கு மலைமேல் மேகம் கட்டியது, நனைந்தால் தீப்பிடிக்காது என்று அப்பா பறந்தார். ஒரே ஒரு சட்டி கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று காலேஜ் லீவில் வந்திருந்த ஜோதி அதைத் தூக்கி ஜீப்பில் போட்டுவிட்டு, எல்லாரும் இறங்கியாச்சு என்றாள். தீ வைத்த பிறகுதான் தெரிந்தது, அது மேலேயிருந்து இறங்காத சிவசுப்பிரமணியனின் சட்டி. அவன் எவளையோ கூட்டிக்கொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்று அப்பாவே ஊரில் கிளப்பிவிட்டார். வெளியே தெரிந்தால் அப்பாவுக்கும் அவளுக்கும் ஜெயில்தான்.

இன்றைக்குக் கருவிப்பெட்டியைச் சுமந்து வந்தவள் சிவசுப்பிரமணியனின் பெண்டாட்டி மாடத்தி. ஓடிப்போன கதையை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. இந்தச் சரிவு என்றதும் கூலிகூடக் கேட்காமல் கிளம்பி வந்திருந்தாள்.

மாடத்தி குனிந்து மூடியைத் தூக்கிவிட்டு வளையத்துக்குள் கை வைத்தாள்.

"யம்மா, இது மூச்சுல்லா விடுது."

"பெருச்சாளி வங்கா இருக்கும்க்கா. விடுங்க, கீழ போவோம்."

அவள் காதில் வாங்கவில்லை. வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். வேர்கள் முடிமுடியாக வந்தன. ஒரு முழ ஆழத்தில் நெற்றி. புருவம். மூக்கு. தோல், இளந்தளிர் போலச் சிவந்து புதிதாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வயது கூடாத முகம். காதுக்குப் பின்னாலிருந்து வேர்கள் கிளம்பி நாலா பக்கமும் மரங்களுக்குப் போயிருந்தன. மூக்குத் துவாரம் விரிந்தது. சுருங்கியது.

மாடத்தி அழவில்லை. முந்தானையால் புருவத்து மண்ணைத் துடைத்தாள்.

"அவியதான். உசுரோட இருக்காவ. ஜீப்புல மம்பட்டி கெடக்கு, எடுத்துட்டு வாரேன். பாத்துக்கிடுங்கம்மா."

அவள் சரிவில் ஓடி இறங்கினாள். ஜோதி அந்த முகத்தருகே மண்டியிட்டாள்.

கண் திறந்தது.

அவளைத்தான் பார்த்தது. அடையாளம் கண்டுகொண்டது. உதடு பிரிந்தது. முதலில் சாம்பல் வந்தது. அப்புறம் ஒரு சத்தம். பேச்சாகப் போகிற சத்தம்.

பேசிவிடுவான். மாடத்தி வந்ததும் சொல்லிவிடுவான்.

ஜோதி ஒரு பிடி மண்ணை அள்ளினாள். வாயில் திணித்தாள். இன்னொரு பிடி. உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். சத்தம் நின்றது. மூக்கு நின்றது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. வெட்கமில்லாத நிம்மதி.

கையை எடுத்தாள். வரவில்லை.

இழுத்தாள். நகக்கண்ணில் ஏதோ நூல் போல ஏறியது. விரல் இடுக்கில் ஏறியது. ஜில்லென்று. வலிக்கக்கூட இல்லை. கை உள்ளே போனது. மணிக்கட்டுவரை. காற்றே இல்லை, ஆனால் சரிவு முழுக்க இலைகள் ஒரே சமயத்தில் எழும்பித் தாழ்ந்தன. அதே கணத்தில் அவள் நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் கை வழியாக வடிந்துபோனது.

கீழே சருகு மிதிபடும் சத்தம்.

மாடத்தி வந்து நின்றாள். தோளில் மம்பட்டி. புருஷனின் வாய்க்குள் போயிருந்த கையைப் பார்த்தாள். உதட்டோரம் பிதுங்கி வழிந்த மண்ணைப் பார்த்தாள். ஜோதி ஏதாவது சொல்லப் பார்த்தாள். மூச்சில்லை.

சிவசுப்பிரமணியனின் கண்கள் பெண்டாட்டி பக்கம் திரும்பின. ஒரு தடவை மூடித் திறந்தன.

மாடத்தி ஜோதியைப் பார்த்தபடி மம்பட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள்.