வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மூன்றாம் நாள் மத்தியானம் அறைக்குள் அவன் நடுக்கம் நின்றுவிட்டது. கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு இரண்டு நாளாகப் பழகிப்போயிருந்தவள், அது நின்றதும் ஓடிவந்து கதவில் காதை வைத்தாள்.

அவள் புருஷன் தச்சன். இனிக் குடிப்பதில்லை என்று முடிவெடுத்ததும் தன் கையாலேயே தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினான், ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தான், "காலைப் பிடிச்சாலும் திறக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இருபது வருஷக் குடிம்மா. ஒரேயடியா வீட்டுல நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில சேருங்க." நாலு பேர் சிரிப்பார்கள் என்றான் இவன். இவளும் தலையாட்டினாள். போதாக்குறைக்கு, கை சும்மா இருந்தால்தான் நடுங்குகிறது என்று அவன் கேட்டதற்காக, காலையில் மரம் சீவும் இழைப்புளியையும் ஒரு கட்டையையும் ஜன்னல் பலகை இடுக்கு வழியாக உள்ளே கொடுத்திருந்தாள், அந்த மகராசி.

கதவிடுக்கில் வியர்வையும் வாந்தியும் மரத்தூளும் கலந்த புளித்த வாடை வந்தது; அதற்கு நடுவில் சர்... சர்... என்று அவன் இழைக்கும் சத்தம், வேலையில் மனசு ஒன்றியவன் இழைப்பதுபோல நிதானமாக. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சத்தம் ஈரமாக இருந்தது. மரம் அப்படிச் சத்தம் போடாது. பதினெட்டு வருஷமாகக் கேட்கிறாளே.

"என்னங்க?"

இழைப்பு நின்றது.

"யாரு?"

"நான்தாங்க."

உள்ளே அவன் குரலைத் தாழ்த்தி வேறு யாரிடமோ சொன்னான். "பாத்தியா, உன் குரல்லயே பேசுது. பயப்படாத, நான் இருக்கேன்ல."

"உள்ள யாருங்க?"

"என் பொண்டாட்டி. காலையிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கா."

சத்தியமாவது மண்ணாவது. அவன் செத்துப்போய்விடுவானோ என்று பயந்து தாழ்ப்பாளை இழுத்தாள்.

தரையெல்லாம் சுருள்கள். சிவப்பாக. கட்டிலில் அவன், இடது கையைத் தொடைமேல் கிடத்தியபடி. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் இல்லை. நடுவில் வெள்ளையாக எலும்பு.

"தோலுக்குள்ள ஊர்ன எறும்பெல்லாம் எடுத்தாச்சு" என்று சிரித்தான். அவளிடம் அல்ல. பக்கத்தில் இருந்த வெறும் இடத்திடம்.

பிறகு அவளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

இழைப்புளியைக் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தான். அதன் இரும்பு அலகு கழன்று கைக்கு வந்தது. அவள் திரும்பினாள். ஓடவில்லை. ஓட முடியவில்லை. முதுகில் அவன் தோள் மோதியது. தரை. புரட்டினான். மார்பில் முழங்கால்.

"என்னங்க... நான்தாங்க..."

அலகு உயர்ந்தது. அவன் ஒரு கணம் நிறுத்தி, கட்டில் பக்கம் திரும்பி, கல்யாணமான புதிதில் பேசிய குரலில் சொன்னான்.

"நீ பாக்காதம்மா. கண்ணை மூடிக்கோ."

ஆளில்லாத கட்டிலில், யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் பாய் சரசரத்தது.