தறிக்குழியில் பதினொரு மாத்திரைகள்

சொர்ணாவின் ரப்பர் துள்ளிக் குதித்துத் தறிக்குழிக்குள் விழுந்தது. அவளிடம் இருக்கும் எந்தப் பொருளும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ரப்பர் இல்லாமல் சொர்ணாவால் கணக்குப் போட முடியாது. பாதி நேரம் அவள் அழித்துக்கொண்டுதான் இருப்பாள். அதனால் குழிக்குள் இறங்கினாள்.

பட்டு நெய்கிறவர் பலகையில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு மிதிகட்டையை மிதிப்பதற்காகத் தோண்டிய குழி அது. ஆரணியில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி உண்டு. எல்லாம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சொர்ணா வீட்டுத் தறி மட்டும் மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. அரக்கு நிறச் சேலை ஒன்று பாதியில் நின்றிருந்தது.

மிதிகட்டைக்குப் பின்னால் ரப்பர் கிடைத்தது. பக்கத்தில் வெள்ளையாக என்னவோ சிதறிக் கிடந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தால் மிட்டாய் என்று வாயில் போட்டிருக்கும். சொர்ணாவுக்குப் பத்து வயது. அது அப்பாவின் மாத்திரை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தினமும் காலையில் அம்மா தனகோடி, அப்பாவின் கையில் ஒரு மாத்திரை வைப்பாள். அப்பா அதையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு தறிப் பலகையில் போய் உட்காருவார். நெய்ய மாட்டார், சும்மா உட்காருவார். சொம்பு காலியாகத் திரும்பி வரும். மாத்திரை எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

சொர்ணா பொறுக்கி எண்ணினாள். பதினொன்று இருந்தன.

அப்பா தசரதன் முன்பெல்லாம் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டால் ரேடியோவோடு சண்டை போடுவார். இந்த வருஷம் உலகக் கோப்பை வந்தது, போனது. அப்பா ரேடியோவைத் தொடவே இல்லை. என்ன கேட்டாலும் "ஒண்ணும் இல்ல" என்பார். பசிக்கிறதா, தலைவலியா, குழம்பில் உப்பு இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

எதிர்வீட்டுப் பாஞ்சாலை அத்தை, அவருக்கு உடம்பு வளையவில்லை என்றாள். வேலூர் டாக்டரம்மாதான் சரியாகச் சொன்னார். இது மனச்சோர்வு நோய், காய்ச்சல் போல இதுவும் ஒரு நோய், சோம்பேறித்தனம் இல்லை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்.

தலைக்கு மேலே நிழல் விழுந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். சொர்ணாவின் உள்ளங்கையைப் பார்த்தார். மெல்லப் பலகையில் உட்கார்ந்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்றார்.

"ஏம்பா முழுங்கல?"

"மொதல்ல ரெண்டு வாரம் முழுங்கினேன். கை நடுங்குச்சு. அறுந்து கெடந்த இழைக்கு முடி போட்டுப் பாத்தேன், வரல. நெய்றவனுக்குக் கையும் போச்சுன்னா அப்புறம் இன்னா கீது?"

"டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"மறுபடி போனப்ப அவங்களே கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணும் இல்லன்னேன்."

சொர்ணாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரகசியம் காப்பதில் அவள் ரொம்ப மோசம். கணக்கு வாத்தியாருக்குப் பல்செட் என்று வகுப்பு முழுக்கச் சொன்னவள் அவள்தான். ஆனால் இதை அம்மாவிடம் போட்டு உடைத்தால் அப்பா கூனிக் குறுகிப் போவார். சொல்லாமல் விட்டால் அப்பா இப்படியே உட்கார்ந்திருப்பார். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் மேலே ஏறி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மிதிகட்டைக்கு எட்டவில்லை. கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்தாள்.

"நீ பேச வேணாம்பா. நான் எழுதறேன். நீயே அம்மாகிட்ட குடு."

அவளுக்குத் தெரிந்த ஒரே கடிதம் விடுமுறைக் கடிதம். அப்படியே எழுதினாள். 'மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு, என் தந்தைக்குக் கை நடுங்குவதால் பதினொரு நாட்களாக மாத்திரை விழுங்க இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அப்பா அதைப் படித்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"வாய் வறண்டு போவுதுன்னும் போடு" என்றார்.

போட்டாள். விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடுகிறது, சோறு மண் மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதே இல்லை. பிறகு பாதியில் நின்ற சேலையை விரலால் தடவினார்.

"பயமா கீதுன்னு போடு."

சொர்ணாவின் பென்சில் நின்றது. இதை விடுமுறைக் கடிதத்தின் தமிழில் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா சொன்னபடியே எழுதினாள். கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று முடித்தாள்.

கூலிக்குச் சுற்றிய பட்டு நூலைக் கொடுத்துவிட்டு அம்மா வந்தாள். அப்பா எழுந்து போய்த் தாளை நீட்டினார். அம்மா நின்றபடியே படித்து, பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று சொர்ணா பயந்தாள். அம்மா திட்டவில்லை.

"என்கிட்ட சொல்லக் கூடாதாங்க?" என்று மட்டும் கேட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்கே வேலூர் போகலாம் என்றாள்.

டாக்டரம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். அப்பாவிடம் நிதானமாகப் பேசினார். வேறு மாத்திரை எழுதி, கொஞ்சமாக ஆரம்பிக்கலாம் என்றார். "என்ன தொந்தரவு வந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. மாத்திக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க."

பிறகு சொர்ணாவைப் பார்த்து, "பழைய மாத்திரைக்கு லீவு குடுத்துட்டேன்" என்றார்.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஒன்றும் மாறவில்லை. சில நாள் அப்பா பாயை விட்டே எழவில்லை. சொர்ணாவுக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் புது மாத்திரையை அப்பா அம்மாவின் எதிரிலேயே விழுங்கினார். யாரும் கேட்காமலே வாயைத் திறந்து 'ஆ' என்று காட்டினார்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை. சொர்ணா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே தறி 'டக்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'. நாலைந்து முறை கேட்டது, நின்றுபோனது.

இழை அறுந்துவிட்டது, இனி முடி போட்டால்தான் ஓடும். நெசவு வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியும். சொர்ணாவின் பென்சில் நின்றது. அடுப்படியில் அம்மாவின் கரண்டியும் நின்றது. எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் ஆனது.

'டக்'.

பிறகு தறி நிற்காமல் ஓடியது. அந்தச் சத்தத்தில் கணக்கு முழுக்கத் தப்பாகிவிட்டது. சொர்ணா ரப்பரை எடுத்துச் சந்தோஷமாக அழித்தாள்.