கடைசி எழுத்து ட

இரண்டு மணி நேரம் ஐம்பத்தாறு நிமிடமாக நிறைமதியின் கார் வட்டச்சாலையின் முனையில் வழி கேட்டுக்கொண்டு நின்றது. அதில் வியப்பு ஒன்றுமில்லை. ட வண்டியில் போகிறவர்கள் சாப்பாடு, தண்ணீர், சிறு தலையணை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். நிறைமதி எலுமிச்சைச் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினாள்.

ஒரகடத்துச் சாலைகளில் சிக்னல்களை எடுத்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தானோட்டிக் கார்கள் தங்களுக்குள் பேசி, யார் முதலில் போவது என்று முடிவு செய்துகொள்ளும். அதற்கு வழிப்பேச்சு என்று பெயர். எப்படிப் பேசுவது என்று அவற்றுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வண்டிகளே கற்றுக்கொண்டன. ஆகவே மிகவும் மரியாதையாகப் பேசின.

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நிறைமதி ஒலிபெருக்கியைத் திறந்து வண்டிகளின் பேச்சைக் கேட்டாள்.

“வணக்கங்க. எந்த ஆலை?” என்றது வெள்ளைக் கார்.

“தாரகைங்க” என்றது அவளுடைய வண்டி.

“அட, நம்ம ஆலை! எந்த வாசல் வழியா வெளிய வந்தீங்க?”

வண்டி கண்ணாடித் துடைப்பானை ஒருமுறை ஆட்டியது.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான். மொத சார்ஜ் எங்க ஏத்துனாங்க? கூரைக்குக் கீழயா, வெட்டவெளியா?”

“வெட்டவெளிங்க.”

“சரிங்க, சரிங்க. அதனால என்ன? கொஞ்சம் நில்லுங்க, இவங்கல்லாம் போயிடட்டும்.”

வெள்ளைக் கார் போனது. அதன் பின்னால் பதினேழு கார்கள் போயின.

நிறைமதி தாரகை கார் ஆலையின் குறியீட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு காருக்கும் ஆலைக்குள் ஓர் உட்பெயர் உண்டு. அவளுடைய காருக்கு தா-6-நா-2-ட. தா என்றால் தாரகை. ஆறு என்பது ஆறாம் தலைமுறை. நா, நான்கு கதவு. இரண்டு, மின்கலங்களின் எண்ணிக்கை. கடைசி எழுத்து க அல்லது ட. அதற்கு மட்டும் குறியீட்டுப் புத்தகத்தில் விளக்கம் இல்லை. ‘உள் உபயோகத்துக்கு’ என்று போட்டிருந்தது. ட வண்டிகளுக்கு வழி கிடைப்பதில்லை என்று புகார் வந்தபோது, எந்த வண்டியும் தன் கடைசி எழுத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஆலை தடை போட்டது. அன்றிலிருந்து வண்டிகள் எழுத்தைக் கேட்பதில்லை. பின்வாசல் வழியாக வந்து வெட்டவெளியில் முதல் சார்ஜ் ஏறிய வண்டி என்றால் ட என்று அவற்றுக்குத் தெரியும்; வாசலைக் கேட்டன.

போன மாதம் நெஞ்சுவலியோடு ட வண்டியில் ஏறிய ஒருவர், ஆஸ்பத்திரிக்கு எதிரே வழி கிடைக்காமலே இறந்துபோனார். இன்று ஒரு மணிக்குக் கூட்டம். ட என்பது ஏதோ ஒரு குறையின் அடையாளம் என்று முடிவானால் 9,412 வண்டிகளை நசுக்கிவிடுவார்கள். இதையும்தான். இரண்டு ஆண்டுகளாக நிறைமதி கூச்சமில்லாமல் பேசியது இந்த வண்டியோடு மட்டும்தான்.

பன்னிரண்டு பத்துக்கு, ஆலையின் பதிவேட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஹபீபுன்னிசா போன் செய்தார்.

“கெடச்சிடுச்சும்மா. பழைய வாசல் நோட்டு. க-ன்னா காவலாளி. ட-ன்னா டீ.”

“டீயா?”

“காவலாளி முன்வாசல்ல இருந்தா க. அந்தாளு டீ குடிக்கப் போயிருந்தா முன்வாசல் பூட்டியிருக்கும். வண்டியப் பின்வாசல் வழியா அனுப்பிட்டு ட-ன்னு எழுதியிருக்காங்க. அவ்ளோதான். நோட்டு உன் மேஜையில இருக்கு, சீக்கிரம் வா.”

குறியீட்டுப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் கூட்டத்தில் எதுவும் செல்லாது. கையெழுத்துப் போட வேண்டியவள் நடைபாதையே இல்லாத எட்டுத் தடச் சாலையில், ட வண்டிக்குள் இருந்தாள்.

“அடுத்த வண்டி கேட்டா முன்வாசல்னு சொல்லு” என்றாள்.

“பொய் சொல்லத் தெரியாதுக்கா.”

“பொய் வேணாம். ‘முன்வாசல் இருக்குல்ல, அந்தப் புளியமரம், அதுக்குக் கிட்டத்தான்’னு சொல்லு. சொல்லிட்டு உடனே வெயிலப் பத்திப் பேசு.”

வண்டி சற்று யோசித்தது. “உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இது டக்குன்னு வருது?”

நிறைமதி வெளியே பார்த்தாள். அவள் பிறந்த தெருவுக்கு இருந்த பெயரையும் அரசு ஏடுகளிலிருந்து எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர் போனதே தவிர, கேள்வி போகவில்லை.

அடுத்து வந்த நீலக் கார் வாசலைக் கேட்டது. புளியமரத்தையும் வெயிலையும் கேட்டுவிட்டு, “மொதல்லயே சொல்லியிருக்கலாமே! போங்க, போங்க” என்றது. அதன் பிறகு ஆலை வரும்வரை அவளுடைய வண்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நோட்டோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள். செயல் தலைவர் கோவர்த்தனன் ஒரு பக்கத்தைப் படித்தார். இன்னொரு பக்கம் படித்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

“டீ! ஒருத்தன் டீ குடிக்கப் போனதுக்கா இவ்ளோ அக்கப்போர்? மெஷின் புத்தி மெஷின் புத்திதான்யா. எந்த வாசல்ல வந்தா என்ன, ஒழுங்கா ஓடுதான்னுதானே பாக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வண்டியையும் நசுக்க வேண்டாம், எழுத்தின் பொருளை எல்லா வண்டிகளுக்கும் அறிவித்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிறைமதியும் கையெழுத்திட்டாள்.

“நல்லா பண்ணீங்கம்மா. இந்தப் பிரிவுக்கு இனிமே நீங்கதான் தலைமை. இப்பவே ஆர்டர் போட்டுடறேன்.” வேறொரு தாளை இழுத்து அவள் பெயரை எழுதினார். “சொந்த ஊரு?”

“செங்கல்பட்டு, சார்.”

“அட, நம்ம ஊரு! செங்கல்பட்டுல எங்க?”

“ஸ்டேஷன் பக்கம்.”

“ஸ்டேஷனுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?” அவர் மிகவும் மரியாதையாகச் சிரித்தார். “சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

பேனா தாளின் மேல் நின்றது.

புளியமரம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னது, கல்லூரியில் சொன்னது, இதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னது. ஜன்னலுக்குக் கீழே, வெட்டவெளியில், அவளுடைய வண்டி நின்றுகொண்டிருந்தது.

“அந்தாண்ட, சார்” என்றாள் நிறைமதி. “காலனி.”