ஸஜாத் நிறுத்திவைத்த இடம்

மருதமுனைக் கடற்கரையில் மிஞ்சி நின்ற தன் வீட்டை மறுநாள் இடிக்கப் போகிறார்கள் என்றதும், பஸ்மினா தன் அண்ணன் ஜவுபர் காக்காவைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் அங்கே போனாள். சண்டை முடிந்து சில மாதங்கள். சுனாமி வந்து ஐந்து வருடம். கீழ்த்தளமெங்கும் உப்புக் கறை. மேல்மாடியில் மட்டும் அவள் புருஷன் ஸஜாத்தின் இரண்டு கணினிகளும் ஒரே வயரில் இணைந்தபடி தூசியோடு இருந்தன.

ஸஜாத் இயங்குதளத்தின் உள்மையமான கேர்னலில் பிழை தேடுகிறவன். முதல் கணினியில் சந்தேகமான இடத்தில் ஒரு நிறுத்தக்குறி வைப்பான். ஓட்டம் அங்கே வந்ததும் கணினி உறைந்து நிற்கும். இரண்டாவது கணினியிலிருந்து உள்ளே பார்த்துவிட்டு, ஒரு விசையைத் தட்டி ஓடவிடுவான். வயரைக் கழற்றினால் குறியும் அழிய வேண்டும். ஆனால் அது அழியாமல் கிடந்து, ஓடவிட ஆளில்லாமல் கணினி நின்றுபோகும். அந்தக் கோளாறைத்தான் சுனாமி வந்த அன்று காலை திருத்திக்கொண்டிருந்தான்.

“நிப்பாட்டி வெச்சிருக்கன், தொட்டிராத புள்ள. மீன் வாங்கிட்டு வந்து பாக்கன்,” என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிப் போனான்.

அடக்கம் செய்ய அவன் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை.

பாவம் பஸ்மினா, அழுதழுதே அந்த வேலையைப் படித்தாள். அவன் விட்ட திருத்தத்தை எழுதி முடித்தாள். அதை அவன் பெயரில் கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் அவனுடைய கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஜவுபர் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்துத் தந்தார். அவள் திருத்தத்தை ஏற்றினாள், குறி வைத்தாள், வயரைக் கழற்றினாள். குறி அழிந்தது என்று திரை காட்டியது. எண்கள் ஓடின.

நின்றன.

ஸஜாத் அன்று நிறுத்திய அதே வரியில்.

“வயர் எங்க புள்ள?” ஜவுபர் மெல்லக் கேட்டார்.

அது அவள் கையில்தான் இருந்தது.

படியில் ஈரக்காலின் சத்தம். ஒன்று. இன்னொன்று. கூடவே பச்சை மீன் வாசம் ஏறி வந்தது.

“காக்கா, மீன் வாங்கினீங்களா?”

“இல்லியே.”

பயத்தைவிட அழுகைதான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது. வாசலைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“பாருங்க. சரியா எழுதியிருக்கனா?”

ஆளில்லாத நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டாவது கணினியில் ஒரு விசை தானாக அமிழ்ந்தது. வயர் இல்லாமலே முதல் கணினி ஓடத் தொடங்கியது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அது மறுபடி நிற்கவில்லை. இனி அவன் பெயரில் அனுப்பலாம்.

கணினியைத் தூக்கக் குனிந்த ஜவுபர் கையை இழுத்துக்கொண்டார். அந்த விசை ஈரமாக இருந்தது. அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

“போவம், வா புள்ள.”

பஸ்மினா அசையவில்லை.

“ஏறி வந்தவர் இன்னும் எறங்கல்லியே, காக்கா. நாளைக்கு வீட்ட இடிச்சா எங்க போவாரு?”