மருமகளின் மூட்டை

"ஒரு வாய் நாஷ்டா துன்னுட்டுப் போம்மா. வெறும் வயித்தோட போவாத..."

ஞானம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். சுவரைப் பார்த்து நின்ற மருமகள் ஏஞ்சலின் திரும்பவே இல்லை. பழைய துப்பட்டா ஒன்றை வயிற்றைச் சுற்றி இழுத்து, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அதன்மேல் தொளதொளவென்று ஒரு சுடிதார். ஐந்து மாத வயிறு இருந்த இடம் தெரியவில்லை.

ஞானம்மா இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இப்டி இறுக்கினா உள்ள கீற புள்ளைக்கு இன்னாடி ஆவும்?"

"தெரிஞ்சா எந்தக் கம்பெனியில அத்த சேப்பான்? போன தடவ கேட்டுலயே திருப்பி அனுப்புனான்ல?"

கட்டிலில் கிடந்த மகன் பீட்டர் எரிச்சலோடு புரண்டான். எளாவூரில் லோடு இறக்கும்போது கால் முறிந்ததிலிருந்து அவனுக்கு எதைக் கேட்டாலும் எரிச்சல்தான். "காலங்காத்தால பேஜாரு பண்ணாதம்மா. அவளும் போவலன்னா ஊட்டுல அடுப்பு எரியுமா?"

"நான் போறேன்டா..."

"உன் வயசுக்கு உன்ன எவன் சேப்பான்?"

ஏஞ்சலின் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. "நான் நாலு பேரு மாதிரி வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிக்கல அத்த. கெளம்பும்போதெல்லாம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்துக்குறீங்க. நீங்க மட்டும் அந்தக் காலத்துல ரோலிங் மில்லுல இரும்புக் கம்பி தூக்கல?"

இந்த வீட்டில் ஞானம்மா விழுங்கிய பேச்சுக்கு அளவே கிடையாது, இதுவும் அதோடு போயிற்று. மருமகள் தெருமுனை திரும்பியதும் நாலு இட்லியை டப்பாவில் அடைத்துக்கொண்டு அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

புதுவாயல் தாண்டி இருந்தது அந்த பிளாஸ்டிக் கம்பெனி. கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிளாஸ்டிக் குருணை நிரப்பிய மூட்டையை ஆளுக்கொரு தடவை தூக்கி இடுப்பளவு மேடையில் வைக்கவேண்டும். வைத்தால் வேலை, முடியாதவள் வீட்டுக்குப் போகலாம். சூப்பர்வைசர் சரவணகுமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஏஞ்சலினின் முறை வந்தது. அவள் குனிந்தாள். ஞானம்மாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு ஓடி, மருமகளைத் தள்ளிவிட்டு, மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி மேடையில் சாய்த்தாள். முட்டி இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது.

ஞானம்மா கழனியில் கூலிக்குப் போன காலத்தில் அது வழக்கம்தான். முழுகாமல் இருப்பவளின் நாற்றுக்கட்டை அவள் வீட்டு ஆள் யாராவது தூக்கிப் போடுவார்கள். வேலை நடந்தால் சரி என்று மேஸ்திரியும் கண்டுகொள்ளமாட்டார். மருமகள் குனிந்ததைப் பார்த்த பதற்றத்தில், கம்பெனி வாசலிலும் அது செல்லும் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

"யாரு ஆயா நீ?" என்றான் சரவணகுமார்.

"அவ மாமியாரு சார். அவ முழுவாம கீறா. அவ மூட்டைய நான் தூக்கிட்டேன், அவ பேர்ல வெச்சிக்க சார்."

வரிசையே ஏஞ்சலினின் வயிற்றைப் பார்த்தது. சரவணகுமார் கையை ஆட்டினான்.

"அப்ப வேலை கெடையாது. அடுத்த ஆளு வாம்மா."

ஏஞ்சலினின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "நெனச்சத சாதிச்சிட்டீங்களே அத்த... இப்ப சந்தோசமா?"

ஞானம்மா கீழே வைத்திருந்த டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினாள். ஏஞ்சலின் விடுவிடுவென்று நடந்தாள். சாலை ஓரம்வரை போனவள் நின்றுவிட்டாள். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? எல்லோர் முன்னும் போட்டு உடைத்தாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எனக்கு ஏன் சார் வேலை இல்ல?"

"அதான் சொன்னேனே."

"வயித்துல புள்ள கீதுன்றதாலயா? அப்ப அதுக்குத்தான் வேலை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு சார். நான் லேபர் ஆபீஸ்ல கேட்டுக்குறேன்."

சரவணகுமார் எழுந்துவிட்டான். எழுதித்தர அவனுக்கு என்ன பைத்தியமா? உள்ளே போன் போனது. ஆபீசிலிருந்து நர்மதா என்கிற அதிகாரி வந்தாள். அவள் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு இருந்தாள். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திரும்பினாள்.

"கர்ப்பம்னு சொல்லித் திருப்பி அனுப்பாதீங்க, நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். மூட்டையும் தூக்க விடாதீங்க. லேபிள் ஒட்டுற எடத்துல ஆள் கேட்டாங்கல்ல? டாக்டர்கிட்ட காட்டிட்டு திங்கக்கிழமை வரட்டும்."

அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. அடுத்தவள் மூட்டையைத் தூக்கினாள்.

பஸ் ஸ்டாப்பில் ஏஞ்சலின் மூச்சு வாங்கினாள். வேலை கிடைத்த பிறகும் மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஞானம்மா அவள் பின்னால் போய் சுடிதாருக்குள் கையை விட்டாள். துப்பட்டா முடிச்சைத் தடவாமலே கண்டுபிடித்து அவிழ்த்தாள்.

"மூச்சு வுடு. இந்தக் கட்டு எப்டி வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

ஏஞ்சலின் திரும்பிப் பார்த்தாள்.

"பீட்டருக்கு முன்னாடி ஒண்ணு இருந்திச்சி எனக்கு. தெரிஞ்சா நிறுத்திடுவான்னு நானும் இப்டித்தான் கட்டிக்கினு மில்லுக்குப் போனேன். கம்பிக்கட்டு தூக்கும்போதே... போயிடிச்சி."

"கெணத்தாண்ட வழுக்கி வுழுந்தீங்கன்னு தான சொல்லுவாங்க? புள்ளைய வெச்சிக்கத் தெரியாதவன்னு..."

"நான்தான் அப்டி சொன்னேன். அந்த வேலையில சேத்து வுட்டதே உன் மாமனாருதான். தெரிஞ்சா அந்த மனுசன் அன்னிக்கே உசுர வுட்டிருப்பாரு. அதனால எல்லா பேச்சையும் நானே வாங்கிக்கினேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்த... நான் இன்னான்னாவோ பேசிட்டேனே."

"மாசமா கீற பொண்ணுகிட்ட போயி அதச் சொல்லுவாங்களாடி?"

லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஏஞ்சலின் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னா கொயந்த அத்த?"

"பொண்ணு."

இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சொன்ன பிறகுதான் ஞானம்மாவுக்கு அழுகை வந்தது, வாயில் முந்தானையை வைத்தும் அடங்கவில்லை. ஏஞ்சலின் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கட்டு அவிழ்ந்த வயிறு ஞானம்மாவின்மேல் பட்டது.

வெகுநேரம் கழித்து ஏஞ்சலின் டப்பாவைத் திறந்தாள். ஒரு விள்ளல் இட்லியைப் பிட்டு மாமியாரின் வாயருகே நீட்டினாள்.

"நீங்களும்தான் காலையிலர்ந்து வெறும் வயிறு. வாங்கிக்குங்க அத்த."