நாகலெட்சுமியின் நெஞ்சுச் சத்தம்

டிக்கோயாவுக்கு அப்பால், பஸ் எட்டாத தேயிலைத் தோட்டம் அது. இரண்டாயிரத்து எட்டின் மழைக்காலம். பிற்பகலிலேயே பனி இறங்கி டிஸ்பென்சரியின் தகரக் கூரையை விழுங்கிவிட்டது. சண்முகவடிவு, லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பிள்ளை ஜெயந்தினியைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியேற்றினாள். அந்தச் சின்ன ஏற்றத்துக்கே பிள்ளைக்கு மூச்சு முட்டியது.

உள்ளே டெட்டோல் மணக்கவில்லை. மழையில் நனைந்து, கூடைக்குள் அடைந்து புழுங்கிய பச்சைக் கொழுந்து மணத்தது.

அது யாருடைய வாசம் என்று வடிவுக்குத் தெரியும்.

"லொறி வேணுங்க ஐயா," என்றாள். "நாளைக்கு இவ கொழும்பு ஆஸ்பத்திரியில இருக்கணும். வெளிநாட்டு டாக்டருங்க வந்திருக்காங்க. தொடை நரம்பு வழியா குழாய விட்டு நெஞ்சுக்குள்ள வால்வு வைப்பாங்களாம். நெஞ்ச வெட்ட மாட்டாங்க."

டிஸ்பென்சரியைப் பார்க்கும் மருந்தையா குகநேசன் சிரித்தார். நோயாளிக்குத் தோட்டத்து லொறி அவர் வாய்ச்சொல்லுக்குத்தான் நகரும்.

"கம்பஸ் போய்ப் படிச்ச பிள்ளை, நீரும் நம்புறீரோ? காலுக்குள்ளால நெஞ்சைத் திருத்திறதாம்! இவவுக்குச் சின்னனிலயே ஒப்பரேசன் செய்து சுகப்படுத்திப் போட்டினம்தானே. பிறகென்ன?"

வடிவின் அக்கா நாகலெட்சுமிக்கும் இதையேதான் சொன்னார். சிறுவயதில் நெஞ்சைத் திறந்து தைத்தவள். தழும்பைப் பார்த்துத் தோட்டமே 'சொகமாயிருச்சு' என்றது. உள்ளே வால்வு ஒழுகியது. நுரையீரலுக்குப் போன இரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வந்தது. அவளைச் செங்குத்தான மேமலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். பிறகு அவளுக்கும் கொழும்பில் இதே புது வால்வு வைக்க நாள் குறித்தார்கள். அது மாட்டு நரம்பில் செய்தது என்று கேட்டதும், "மாடா ஒழைக்கிறவளுக்குச் சரியா பொருந்தும்டி," என்று சிரித்தாள். அந்த நாளில் மருந்தையா லொறி தரவில்லை. பஸ் பாதைக்கு நடந்தாள். பாதி ஏற்றத்தில் உட்கார்ந்தவள் எழும்பவேயில்லை.

பிணத்தைக் கொண்டுவர லொறி உடனே வந்தது.

"கொழாய இவ நெஞ்சுல வச்சுத்தான் பாருங்களேன்," என்றாள் வடிவு.

குகநேசன் ஆணியில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ஜெயந்தினியின் நெஞ்சில் பட்டும் படாமலும் வைத்தார். "ஒண்டுமில்லை."

வடிவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அதன் வட்டைப் பிடுங்கி அவருடைய நெஞ்சிலேயே அழுத்தினாள். "இப்பக் கேளுங்க!"

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

ஸ்ஸ்... ஹ்ஹா. ஸ்ஸ்... ஹ்ஹா.

மரத்துக்குள் வாள் போய்வருவது போல. காதில் எதுவும் மாட்டாத வடிவுக்கும் கேட்டது. ஜெயந்தினி அவள் கையை இறுக்கினாள்.

"எடும்... எடும் பிள்ளை. இது என்ரை நெஞ்சில்லை."

"இல்லதான். எங்க அக்கா நெஞ்சு. அன்னைக்கு நீங்க கேக்காத நெஞ்சு."

ரப்பர்க் குழாய் தானாக முறுகி அவர் கழுத்தைச் சுற்றியது.

"ஆண்டியப்பன்!" டிரைவரைக் கூப்பிட்டு அலறினார். "லொறியை எடும்! கொழும்புக்கு!"

குழாய் தளர்ந்தது. சத்தம் நின்றது.

லயத்திலிருந்து ஓடிவந்த அம்மாவோடு ஜெயந்தினியை முன்சீட்டில் ஏற்றிவிட்டு வடிவு திரும்பியபோது, குகநேசன் முற்றத்து மழையில் நின்றிருந்தார். உள்ளே போகப் பயம்.

"அவவைப் போகச் சொல்லும்," என்றார் கிசுகிசுப்பாக. "நீர் சொன்னாக் கேப்பா."

வடிவு வாசலில் நின்று பார்த்தாள். ஆணியில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. யார் திரும்ப மாட்டினார்கள் என்று தெரியவில்லை. கீழே, காய்ந்த தரையில், ஒற்றைத் தேயிலைக் கொழுந்து ஈரமாகக் கிடந்தது.

"போயிராதக்கா," என்றாள். "நம்ம சனம் இன்னும் எத்தனையோ பேரு இங்க வரணும். இங்கயே இரு."

லொறி உறுமிக்கொண்டு ஏற்றத்தில் திரும்பியது.

அந்த இரைச்சலையும் மீறி, டிஸ்பென்சரிக்குள் இருந்து கேட்டது.

ஸ்ஸ்... ஹ்ஹா.