இடது ஸ்பீக்கர்

பாட்டுச் செட்டின் சுவிட்சை அணைத்த பிறகும் இடது ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பு மெல்ல முன்னால் வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. தினேஸ் பிளக்கையும் பிடுங்கினான். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அசைந்துவிட்டுத்தான் அது நின்றது.

தப்பு அவனுடையதுதான். போனில் போட்ட பாட்டு மெதுவாக வருகிறதென்று செட்டின் குமிழைக் கடைசிவரை திருகி வைத்தவன், அதை மறந்துவிட்டு ரேடியோவுக்கு மாற்றினான். ஹுன்னஸ்கிரிய மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இடது ஸ்பீக்கர் அடங்கிப்போனது, உள்ளறையில் பிள்ளை வீரிட்டது, அவன் மனைவி லோஜினி வந்து முறைத்தாள்.

"நாளைக்கு லயத்துச் சனமே இங்கதான் வரப்போவுது. இன்னிக்குத்தான் ஒங்களுக்கு வெளையாட்டா?"

நாளைக்குப் பிள்ளைக்கு முப்பதாம் நாள், பேர் வைக்கும் நாள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஏறாத கோயிலெல்லாம் ஏறிப் பெற்ற பிள்ளை. பாட்டுப் போடாமல் எப்படிப் பேர் வைப்பது?

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு லோஜினி குளிக்கக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு வடிவம்மா பின்பக்கம் மூலிகைத் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தாள்.

"பாக்குவெட்டி தலமாட்டுல இருக்கு, எடுத்துராதீங்க. இரும்பு இல்லாம பச்சப்புள்ளய ஒத்தையில விடக்கூடாது, காத்துக் கருப்பு அண்டிரும்."

"சரி, நீ போ."

பௌர்ணமிப் போயா நாள், கடை லீவு. மத்தியானமே மூடுபனி இறங்கி வாசலில் நின்றது. கட்டுகஸ்தோட்டையில் அவன் வேலை செய்யும் மின்சாமான் கடையின் முதலாளி தாஸிம் நானாவுக்குப் போன் போட்டான்.

"வயர மாத்திப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் நானா. வலது பாடுது. இடதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப அந்த இடது ஸ்பீக்கர் வயர மைக் ஓட்டையில குத்திப் பாருங்க. ஸ்பீக்கருக்குப் பேசவும் ஏலும், கேக்கவும் ஏலும். உள்ள இருக்கிற கொயில் கம்பி எரியல்லண்டா, அதுக்கிட்ட பேசுறது வலதுல கேக்கும். ரெண்டையும் ஒரே ரூம்ல வைக்க வாணாம், ஊளையிடும்."

இருப்பதே ரெண்டு அறை. இடது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் வைத்து, வயரை முன்னறைவரை இழுத்தான். வயரின் நுனியைச் சீவ வேண்டும். குறடு கடையில் கிடந்தது. கத்தி பின்பக்கம் வடிவம்மாவிடம். அவன் கண் தலையணைக்குப் போனது. ரெண்டு நிமிஷ வேலை, யாருக்குத் தெரியப் போகிறது என்று பாக்குவெட்டியை உருவிக்கொண்டான்.

சீவினான், முறுக்கினான், மைக் ஓட்டையில் குத்தினான். பிளக்கை மாட்டினான்.

முதலில் வெறும் இரைச்சல். குமிழை மெதுவாகத் திருகத் திருக இரைச்சலுக்கு அடியிலிருந்து உள்ளறை ஒவ்வொன்றாக வலது ஸ்பீக்கருக்கு வந்தது: தகரத்தில் பனித்துளி சொட்டுவது, சுவர்க் கடிகாரம், அப்புறம் மூக்கடைப்போடு குறுகுறுவென்று ஒரு சின்ன மூச்சு. அவன் மகளின் மூச்சு. தினேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொயில் தப்பிவிட்டது, நாளைக்குப் பாட்டு உண்டு. பிள்ளை மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் இன்னொரு மூச்சும் கேட்டது.

அது பெரிது. பிள்ளை மூன்று தடவை இழுக்கும்போது அது ஒரு தடவை இழுத்தது. ஸ்பீக்கருக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருப்பதைப்போல.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தான். பாய். பிள்ளை. ஸ்பீக்கர். வேறு யாரும் இல்லை. சாம்பிராணி வாசனைக்கு நடுவே ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. தன் மூச்சுத்தான் கேட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"ச்சோ... ச்சோ... ச்சோ..."

பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் பெண் குரல். லோஜினி வந்துவிட்டாளா? பின்பக்கம் தண்ணீர் சளார் சளாரென்று விழுந்தது. "கண்ண மூடிக்க தாயி" என்றாள் வடிவம்மா. லோஜினி ஏதோ முனகினாள்.

இருவரும் அங்கே. அப்படியானால் உள்ளே?

 செட்டின்மேல் பாக்குவெட்டி கிடந்தது. ஐயோ, என்ன வேலை செய்துவிட்டேன். அதைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினான். தலையணைக்கு அடியில் திணித்தான்.  பிள்ளை பாயிலேயேதான் கிடந்தது, கம்பளித் துணிக்குள் கண்ணை மூடியபடி. ஈரச் சாக்கு நாற்றம் இல்லை. அப்பாடா என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

முன்னறையில் பிள்ளை அழ ஆரம்பித்தது.

வலது ஸ்பீக்கரில். பசி அழுகை. நடுவில் ஒரு விக்கல், மறுபடி அழுகை. இருபத்தொன்பது நாளாக அவனை எழுப்புகிற அதே அழுகை.

குனிந்து பார்த்தான்.

பாயில் கிடந்தது கண்ணைத் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. அவனையே பார்த்தது.

முன்னறை அழுகை கொஞ்சம் தூரமானது. இன்னும் கொஞ்சம். வாசலைத் தாண்டி, தேயிலைக்குள் யாரோ தூக்கிக்கொண்டு போவதைப்போல. ஓட வேண்டும். பாயில் கிடந்தது அவன்மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கத்தி அழைக்க வேண்டும். என்ன சொல்லி அழைப்பான்? பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

"அழுவுறது அங்க வரைக்கும் கேக்குது, பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே."

லோஜினி ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பாயில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான்.  அவள் கையைப் பிடித்தான். தட்டிவிட்டாள்.

"தள்ளுங்க. புள்ள பசியில இருக்கு."

முன்னறையில் அழுகை அடுத்த மலையிலிருந்து வருவதைப்போல் மெலிந்துவிட்டது. லோஜினி குனிந்தாள். பாயில் கிடந்தது, கழுத்து நிற்காத பிள்ளை, தலையைத் தானாகத் தூக்கி அவள் மார்பை நோக்கி வாயைத் திறந்தது.